கொக்கி நின்ற பத்து விநாடிகள்

அந்தக் கட்டடம் பதினேழாவது மாடியை எட்டியிருந்த சமயம். அதன் பக்கத்தில் நின்ற டவர் கிரேனின் உச்சியில், ஒரு ஆள் உட்காரவும் பாதி ஆள் படுக்கவும் இடமுள்ள கண்ணாடிக் கேபினில், நாற்பத்தாறு வயது மனிதர் ஒருவர் தினமும் பத்து மணி நேரம் உட்கார்ந்திருந்தார். கீழே வேலை செய்த இருநூறு பேரும் அவரை நிதானம் என்றுதான் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

காலையில் ஏணியில் கால் வைத்தால் மேலே போய்ச் சேர இருபது நிமிடம். மறுபடி இறங்குவது சாயங்காலம்தான். சாப்பாட்டுப் பாத்திரம், இரண்டு பாட்டில் தண்ணீர், அவசரத்துக்கு இறுக்கமாக மூடும் ஒரு டப்பா, எல்லாம் முதுகுப் பையில் கூடவே ஏறும். பத்து மணி நேரம் மனித முகமே பார்க்காமல் எப்படித்தான் இருக்கிறாரோ என்று கீழே இருப்பவர்கள் பரிதாபப்படுவார்கள். உண்மையில் அவருக்குக் கஷ்டம் கீழேதான். மேலே தனியாக இருப்பது வேலை. கீழே தனியாக இருப்பதற்குச் சொல்லிக்கொள்ள ஒரு காரணமும் இல்லை.

ஒரு அச்சகத்தின் பின்கட்டில் அவருக்கு ஒற்றை அறை. ஜன்னலைத் திறந்து கையை நீட்டினால் அடுத்த கட்டடத்தின் சுவர் தட்டுப்படும். பகலெல்லாம் ஊரையே பார்த்துக்கொண்டிருந்த கண்ணுக்கு இரவில் காரை பெயர்ந்த ஒரு சுவர்தான் காட்சி. கல்யாணப் பேச்சு இரண்டு மூன்று முறை வந்து, வந்த வழியே போய்விட்டது. வேறு ஊரில் இருக்கும் அக்கா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வார். "சாப்பிட்டியா?" என்பார். சாப்பிட்டேன் என்பார் இவர். "என்ன சாப்பிட்ட?" என்று அடுத்த கேள்வி வரும். அங்கேதான் பொய் ஆரம்பிக்கும்.

கிரேன் ஓட்டுவதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கேபினில் இருக்கைக்கு இரண்டு பக்கமும் இரண்டு லீவர்கள். கையை எடுத்தால் அவை தானாக நடுவுக்கு வந்துவிடும், உடனே கிரேன் நின்றுவிடும். ஓட்டுபவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் லோடு தாறுமாறாக ஓடக்கூடாது என்பதற்காக அப்படி ஒரு ஏற்பாடு. கொக்கி நேர் கீழே இருக்கும்போது, கால்களுக்கு நடுவில் உள்ள கண்ணாடி வழியாகத்தான் பார்க்க வேண்டும். அதற்கு முழங்கால் மேல் நெஞ்சு படுகிற அளவுக்குக் குனிய வேண்டும். ஒரு நாளைக்கு இருநூறு தடவையாவது அவர் அப்படிக் குனிவார்.

கீழே நின்று வழி சொல்ல ஒரு சிக்னல்காரர் உண்டு. ஒரு கையில் வாக்கி-டாக்கி, இன்னொரு கையில் சிவப்பும் பச்சையுமாக இரண்டு கொடி. அதனால் அவருக்குக் கொடிக்காரர் என்று பெயர். நிதானத்தைவிடப் பத்து வயது இளையவர், வாய் ஓயாத ஆள். அந்த வாக்கி-டாக்கி இரண்டே பேருக்கானது. இவர்கள் பேசுவது வேறு யாருக்கும் கேட்காது.

"அண்ணே, மேல மழை வருதா?"

"தூறுது தம்பி."

"கொஞ்சம் கீழ அனுப்புங்க. இங்க வெயில் மண்டையப் பொளக்குது."

இப்படியே நாள் ஓடும். ஆனால் சாயங்காலம் இறங்கி நேருக்கு நேர் நின்றால் இரண்டு பேருக்கும் கூச்சமாகிவிடும். "வரேன் தம்பி", "சரிங்கண்ணே" என்பதோடு சரி.

நிதானம் என்ற பெயர் வந்த கதை இது. பதினான்கு மாதங்களுக்கு முன்பு ஒரு முற்பகல். கம்பிக்கட்டு ஒன்றை இறக்கும்போது அவர் வழக்கம்போலக் குனிந்தார். கண்ணாடிக்கு அப்பால் தெரிந்த தரை ஓரங்களில் கறுத்துக்கொண்டே வந்து, நடுவில் ஒரு தட்டு அளவுக்குச் சுருங்கி, அதுவும் போய்விட்டது. மறுபடி கண் திறந்தபோது அவர் பக்கவாட்டில் சரிந்து, கன்னம் கதவுக் கண்ணாடியில் ஒட்டியிருந்தது. கைகள் லீவரில் இல்லை. உயிர் போய் உயிர் வந்தது. கீழே பார்த்தால் கம்பிக்கட்டு அந்தரத்தில் அசையாமல் நின்றது. அதற்குள் வாக்கி-டாக்கி கத்தியது.

"அண்ணே! எப்படிண்ணே பார்த்தீங்க? தண்ணி லாரிக்காரன் குறுக்க பூந்துட்டான், நானே கவனிக்கல. நீங்க மட்டும் நிறுத்தலைன்னா இன்னைக்கு அவன் சட்னி!"

இல்லை தம்பி, நான் பார்க்கவே இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். "பார்த்து ஓட்டச் சொல்லு" என்று முடித்துவிட்டார்.

அன்று சாயங்காலம் லாரி ஓட்டுநர் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும், "வேலைன்னா இப்படி நிதானமா செய்யணும்" என்றார். மறுநாளிலிருந்து அவர் நிதானம். ஆறு மாதம் கழித்து, விபத்தே இல்லாத ஆபரேட்டர் என்று ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு மாதத்துக்கு இரண்டு, மூன்று தடவை அது வந்தது. எப்போதும் குனியும்போதுதான். நெஞ்சுக்குள் யாரோ கதவைச் சாத்தியதுபோல ஒரு முட்டல், காதில் இரைச்சல், இருட்டு. உடம்பு ஒரு பக்கமாகச் சரிந்ததும் பத்து விநாடியில் தெளிந்துவிடும். கீழே இருப்பவர்கள் பார்ப்பது ஒன்றுதான்: கொக்கி நின்றது, கொஞ்ச நேரம் பொறுத்தது, பிறகு நகர்ந்தது. எவ்வளவு கவனமான மனிதர் என்றார்கள்.

கம்பெனி வருடத்துக்கு ஒரு முறை உடல் பரிசோதனைக்கு அனுப்பும். அங்கே அவரைக் கட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்து ஈசிஜி எடுத்தார்கள். இரத்த அழுத்தம், கண், காது எல்லாம் சரி. "மயக்கம், தலைசுற்றல் ஏதாவது?" என்று நர்ஸ் படிவத்தைப் பார்த்தபடியே கேட்டார். இல்லை என்றார் இவர். தகுதி என்று முத்திரை விழுந்தது. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. கண்டுபிடிக்கவில்லையே என்று நிம்மதி. கண்டுபிடிக்கவில்லையே என்று கோபமும்கூட. சொல்லியிருந்தால் கேபின் போய்விடும். கேபின் போனால், பகலிலும் அந்தச் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

உடம்பு மெலிய ஆரம்பித்தது. சில சாயங்காலங்களில் காரணமில்லாமல் காய்ச்சல் அடித்தது. ஏணியில் இருபது நிமிடம் அரை மணியாகி, பிறகு முக்கால் மணியானது.

"என்னண்ணே, ஏணியிலேயே குடித்தனம் பண்றீங்களா?" என்று கொடிக்காரர் கிண்டல் செய்வார்.

"வாடகை இல்லைல்ல, அதான்" என்று மூச்சு வாங்கிக்கொண்டே பதில் சொல்வார் இவர்.

இந்த நேரத்தில்தான் கீழே ஒரு பழக்கம் வந்தது. சாப்பாட்டுக் கொட்டகை ஒரு பக்கம், தண்ணீர்க் குழாய் எதிர்ப் பக்கம். நடுவில் லோடு இறங்கும் இடம். கயிறு கட்டி, நடக்காதே என்று பலகையும் வைத்திருந்தார்கள். வேலி ஓரமாகச் சுற்றிப் போனால் ஆறு நிமிடம். குறுக்கே போனால் ஒன்றரை நிமிடம். கம்பி கட்டும் வேலையில் இருந்த ஒரு அம்மாதான் முதலில் ஆரம்பித்தார். கம்பிக்காரம்மா என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும். வாயாடி, தைரியசாலி. ஒரு நாள் தலைக்கு மேல் லோடு நின்றதும், "நமக்காகத்தான் நிறுத்தியிருக்காரு. வாங்கடி, போயிடலாம்" என்று கயிற்றைத் தூக்கிக்கொண்டு நடந்தார். கடந்ததும் அண்ணாந்து பார்த்து மேலே கையை ஆட்டினார்.

கொஞ்ச நாளில் அது எல்லோருக்கும் வழக்கமாகிவிட்டது. நிதானம் நிறுத்திவிட்டால் நகராது என்று புது ஆட்களுக்குக்கூடச் சொல்லிக்கொடுத்தார்கள். தடுக்க வேண்டிய கொடிக்காரர் முதலில் கத்தினார், பிறகு முணுமுணுத்தார், பிறகு அவரே குறுக்கே நடந்தார்.

மேலே இருந்து அவருக்கு எல்லாம் தெரிந்தது. சில தடவை உண்மையிலேயே அவர்களுக்காக நிறுத்தினார். ஆட்டுகிற கைகளைப் பார்ப்பதற்காக நிறுத்தினார் என்றும் சொல்லலாம். அந்த ஊரில் அவரைப் பார்த்துக் கையாட்டியவர்கள் அவர்கள் மட்டும்தான். தான் நிறுத்தியது எது, மயங்கியதால் நின்றது எது என்று கீழே இருப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது என்பதை அவர் யோசிக்காமல் இல்லை. யோசித்து, நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தார்.

அந்த நாள் வந்தது. மதியம் பன்னிரண்டரை. கான்கிரீட் போடும் சென்ட்ரிங் பலகைக்கு முட்டுக்கொடுக்கும் இரும்புக் குழாய்கள், ஒரு கட்டு, இரண்டு டன் இருக்கும். அதை இறக்கிக்கொண்டிருந்தவர் குனிந்தார். முட்டல், இரைச்சல், இருட்டு.

தெளிந்து பார்த்தபோது கீழே ஏழு பேர். நேர் கீழே. கம்பிக்காரம்மா முன்னால், பின்னால் சாப்பாட்டுப் பாத்திரங்களோடு மற்றவர்கள். கட்டு திடீரென்று நின்றதில் ஊசலாடி, நடுவிலிருந்த ஒரு குழாய் ஒரு முழம் வெளியே நழுவியிருந்தது. அது மூக்கை நீட்டிக்கொண்டு அவர்கள் தலைக்கு மேலேயே ஆடியது.

ஹாரன் பொத்தானில் விரலை வைத்தார். அழுத்தவில்லை. ஹாரன் அடித்தால் ஓடமாட்டார்கள். நின்று, அண்ணாந்து, சிரித்துக் கையாட்டுவார்கள். கொடிக்காரரைக் கூப்பிட்டால் அவரும் "நில்லுங்க" என்றுதான் கத்துவார். லோடை நகர்த்தினால் குழாய் இன்னும் நழுவும். இத்தனை நாளும் அவர்கள் வைத்த நம்பிக்கையே அவர் கையைக் கட்டிப்போட்டது. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, மூச்சைக்கூட விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறாவது ஆளின் செருப்பு அறுந்தது. அவர் நின்று, குனிந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, ஆற அமர நடந்தார். கடைசி ஆள் கயிற்றைத் தாண்டியதும் கம்பிக்காரம்மா திரும்பி மேலே கையாட்டினார்.

அவர் லோடை அங்குலம் அங்குலமாக இறக்கினார். தரையைத் தொட்டதும் வாக்கி-டாக்கியின் பொத்தானை அழுத்தினார்.

"தம்பி. நான் நிறுத்தல."

"என்னண்ணே?"

"லோடை நான் நிறுத்தல. மயங்கிட்டேன்."

வாக்கி-டாக்கியில் சிரிப்பு. "காலையில சாப்பிடலையா? நானும் பசியில மயங்கத்தான் போறேன். இறங்கி வாங்க."

"தம்பி, இது இன்னைக்கு நேத்து வந்ததில்ல. அந்தத் தண்ணி லாரி அன்னைக்கே மயங்கித்தான் கிடந்தேன். அதுக்கப்புறம் எத்தனை தடவைன்னு கணக்கே இல்ல."

கொடிக்காரர், அதுவரை கேட்டிராத குரலில், "எதையும் தொடாதீங்க. சாய்ஞ்சுக்குங்க. நான் வரேன்" என்றார்.

உயரம் என்றால் கொடிக்காரருக்குக் குலை நடுங்கும். இரண்டாவது மாடிக்குப் போவதற்கே சாக்குச் சொல்கிறவர். அன்று இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, இன்னும் இரண்டு ஆட்களோடு, அறுபது மீட்டர் ஏறிவிட்டார். கேபின் கதவைத் திறந்தபோது முகத்தில் ரத்தம் இல்லை. தரையில் காலை மடக்கிப் படுத்திருந்தவரைப் பார்த்து, "இந்தப் புறாக்கூண்டுலயா உட்கார்ந்து என்னை அதிகாரம் பண்ணீங்க?" என்றார். இருவருக்கும் சிரிப்பு வரவில்லை. இடுப்புப் பட்டையில் கயிறு மாட்டி, குனியாமல், படிப்படியாக இறக்கிக் கொண்டுவர ஒன்றேகால் மணி நேரம் ஆனது. சூப்பர்வைசரிடம் கொடிக்காரர் முந்திக்கொண்டு, "திடீர்னு நெஞ்சுவலி சார்" என்றார்.

மருத்துவமனையில் ஒரு பெண் டாக்டர். வயது குறைவு, பொறுமை நிறைய. முதல் தடவையாக ஒருவர் அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"எப்ப மயக்கம் வருது?"

"குனிஞ்சு கீழ பார்க்கும்போது."

"படுத்திருக்கும்போது?"

"வராதும்மா. சரிஞ்சு விழுந்தாலே சரியாயிடும்."

டாக்டர் அவரைப் படுக்கவைத்து நெஞ்சுத் துடிப்பைக் கேட்டார், உட்காரவைத்துக் கேட்டார், முன்பக்கம் சாயச்சொல்லி நெஞ்சில் குழலை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "இன்னொரு தடவை மெதுவா" என்றார். பிறகு அவரே சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எக்கோ அறைக்குக் கூட்டிப்போனார்.

திரையில் இதயம் தெரிந்தது. அதற்குள் ஏதோ ஒன்று ஒவ்வொரு துடிப்புக்கும் போய்ப்போய் வந்தது.

"இதயத்துல நாலு அறை இருக்கு" என்று டாக்டர் விரலால் காட்டினார். "இடது பக்கம் மேல் அறையில இருந்து கீழ் அறைக்கு ரத்தம் ஒரு வால்வு வழியா இறங்கணும். மேல் அறைச் சுவர்ல, காம்பு மாதிரி பிடிச்சுக்கிட்டு, கொழகொழன்னு ஒரு கட்டி தொங்குது பாருங்க. குனிஞ்சா அது வந்து வால்வு வாசல்லயே உட்கார்ந்துடுது. ரத்தம் இறங்க வழியில்ல. மூளைக்குப் போற ரத்தம் குறைஞ்சதும் மயக்கம். சரிஞ்சு விழுந்ததும் அது விலகிடுது, தெளிஞ்சிடுது."

"கட்டின்னா... அந்தக் கட்டியாம்மா?"

"புற்றுநோய் இல்ல. இதுக்கு மிக்சோமான்னு பேரு. பெரும்பாலும் சாதுவான கட்டி. வெட்டி எடுத்து சோதனைக்கு அனுப்பி உறுதி பண்ணிக்குவோம். ஆனா அது உட்கார்ந்திருக்கிற இடம் சாதுவான இடம் இல்ல. ஒரு துண்டு பிய்ஞ்சு மூளைக்குப் போனா பக்கவாதம். ஒரேயடியா வாசலை அடைச்சா எழுந்திருக்கவே மாட்டீங்க. நாளைக் கடத்தக்கூடாது. எத்தனை நாளா இருக்கு?"

அவர் திரையையே பார்த்துக்கொண்டு, "பதினாலு மாசம்" என்றார்.

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"சொல்ல ஆள் வேணுமேம்மா."



அக்கா மறுநாள் வந்து சேர்ந்தார். வார்டு வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார். "வாராவாரம் நல்லா இருக்கேன் நல்லா இருக்கேன்னு கிளிப்பிள்ளை மாதிரி சொன்னியே, வெட்கமா இல்லை உனக்கு? நெஞ்சுக்குள்ள மூட்டையைக் கட்டி வெச்சுக்கிட்டு மேல ஏறி உட்கார்ந்திருக்கான் மகாராசன்!" திட்டிக்கொண்டே படிவத்தில் கையெழுத்துப் போட்டார். நெஞ்செலும்பைப் பிளந்து, இதயத்தின் வேலையை ஒரு இயந்திரம் பார்த்துக்கொள்ள, நாலரை மணி நேரத்தில் கட்டியைக் காம்போடும் அது ஒட்டியிருந்த கொஞ்சம் சுவரோடும் எடுத்தார்கள். சின்னக் கோழிமுட்டை அளவு. சாதுவான கட்டிதான் என்று சோதனையிலும் வந்தது. திரும்ப வளரக்கூடும், வருடா வருடம் எக்கோ பார்க்க வேண்டும் என்றார்கள். அக்காவுக்கு வீட்டில் படுத்த படுக்கையாக மாமனார். ஐந்தாம் நாள் அழுதுகொண்டே பஸ் ஏறினார்.

வார்டில் பக்கத்துக் கட்டில்காரருக்குப் பார்வை நேரத்தில் எட்டுப் பேர் வருவார்கள். உட்கார இடம் இல்லாமல் இவர் கட்டில் ஓரத்திலும் உட்கார்ந்துகொள்வார்கள். அது அவருக்குப் பிடித்திருந்தது. இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமச் சொல்லியிருந்தார்கள். இருமல் வராதபோதும் அவர் அணைத்துக்கொண்டே படுத்திருந்தார்.

கொடிக்காரர் ஒரு மதியம் வந்தார். நேருக்கு நேர் என்பதால் முதலில் கூச்சம். பிறகு பேச்சு வந்துவிட்டது.

"சைட்ல உங்க பேச்சுதாண்ணே. நெஞ்சுவலியில துடிச்சப்பக்கூட லோடை அசையாம நிறுத்தி, ஏழு பேரும் கடந்தப்புறம்தான் சாய்ஞ்சாராம்னு கம்பிக்காரம்மா கண்ணுல தண்ணி வெச்சுக்கிட்டுச் சொல்லுது. உங்களுக்கு இன்னொரு கடிகாரம் நிச்சயம்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. தையல் இழுத்தது. சிரிப்பு நின்றதும், "இன்னும் கீழ நடக்குறாங்களா?" என்றார்.

கொடிக்காரர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "புது ஆபரேட்டர் வந்திருக்காரு. நல்ல மனுஷன்தான்."

"நடக்குறாங்களான்னு கேட்டேன்."

"நடக்குறாங்கண்ணே. இப்ப முன்னைவிட அதிகம். கிரேன்காரங்கன்னா இப்படித்தான் உயிரைக் கொடுத்து நிறுத்துவாங்கன்னு ஆயிடுச்சு."

வீட்டுக்கு வந்து ஆறு வாரம். வாளித் தண்ணீர்கூடத் தூக்கக்கூடாது. அச்சக இயந்திரத்தின் சத்தத்தை எண்ணிக்கொண்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். டாக்டர் ஒரு காகிதம் கொடுத்திருந்தார்: காரணம் அகற்றப்பட்டது, ஆறு மாதம் கழித்துப் பரிசோதித்துவிட்டு வேலைக்குத் திரும்பலாம். கம்பெனியைப் பொறுத்தவரை அவர் ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு நாள், நெஞ்சுவலி வந்தவர். வாயைத் திறக்காமல் இருந்தால் கேபின் அவருக்குத்தான். வாயைத் திறந்தால், பதினான்கு மாதம் மறைத்தவனை எந்தக் கம்பெனி மேலே ஏற்றும்?

ஏழாவது வாரம் மெதுவாக நடந்து சைட்டுக்குப் போனார். வேலி ஓரமாக நின்று பார்த்தார். சாப்பாட்டு நேரம். பலகைக்கட்டு ஒன்று அந்தரத்தில் நின்றது. உடனே ஒரு கும்பல் கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தது. இப்போது ஏழு பேர் இல்லை, இருபதுக்கு மேல். பாதி தூரம் போயிருப்பார்கள், கட்டு ஒரு குலுங்கு குலுங்கி இரண்டடி இறங்கி மறுபடி நின்றது. புது ஆபரேட்டர் எதற்கு நிறுத்தினார், எதற்கு இறக்கினார் என்பது அவருக்கே வெளிச்சம். கீழே யாரும் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. பேசிக்கொண்டே நடந்தார்கள்.

அவர் வாசல் வழியாக உள்ளே நடந்தார். கொடிக்காரர் ஓடி வந்தார்.

"ஏண்ணே இங்க வந்தீங்க? உட்காருங்க முதல்ல."

"நான் அவங்ககிட்ட சொல்லப் போறேன் தம்பி."

"என்னத்த?"

"நடந்ததை."

கொடிக்காரர் அவர் கையைப் பிடித்துக் கொட்டகைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். "அண்ணே, உங்க வேலை போகும். அதோட விடுமா? அவங்க குறுக்க போறப்ப நீ என்ன கொடியை வெச்சு விசிறிக்கிட்டு இருந்தியான்னு என்னைக் கேப்பாங்க. எனக்கு ரெண்டு பொண்ணு. நான் கயித்தை இறுக்கிக் கட்டிக்கறேன், நாளையில இருந்து ஒருத்தரையும் விடமாட்டேன். போதாதா?"

"நீ சொன்னா கேப்பாங்களா? இவ்வளவு நாள் கேட்டாங்களா? அவங்க உன்னை நம்பி நடக்கல. என்னை நம்பி நடக்குறாங்க. நான்தான் சொல்லணும்."

"அறுபது மீட்டர் ஏறி வந்தேன்ணே உங்களுக்காக."

நிதானம் கையை மெல்ல விடுவித்துக்கொண்டு கொட்டகைக்குள் போனார்.

அவரைப் பார்த்ததும் கொட்டகையே எழுந்துவிட்டது. கம்பிக்காரம்மா சாப்பாட்டுக் கையோடு ஓடி வந்தார். "வாங்கய்யா, வாங்க! எலும்பும் தோலுமா ஆயிட்டாரே! ஏய், எழுந்து இடம் விடுங்கடி!"

அவர் உட்காரவில்லை. இத்தனை பேர் முன்னால் அவர் வாழ்க்கையில் பேசியதே இல்லை. பொத்தானை அழுத்திப் பேசித்தான் பழக்கம்.

"உங்களுக்காக நான் நிறுத்தல" என்று ஆரம்பித்தார். யாருக்கும் புரியவில்லை. மறுபடி முதலில் இருந்து சொன்னார். தண்ணீர் லாரியைச் சொன்னார். கேபினில் கன்னம் ஒட்டிக் கிடந்ததைச் சொன்னார். நெஞ்சுக்குள் தொங்கிய கட்டியைச் சொன்னார். "லோடு நின்னப்ப பாதி நேரம் மேல ஆளே இல்லைன்னு நினைச்சுக்குங்க. அந்தக் குழாய்க்கட்டு அன்னைக்கு ஒரு குழாய் ஒரு முழம் வெளிய நீட்டிக்கிட்டு உங்க தலைக்கு மேல ஆடிச்சு. நீங்க கையாட்டினீங்க. எனக்கு அது பிடிச்சிருந்தது. அதனாலதான் இத்தனை நாள் சொல்லல."

ஒருவர் சிரித்துப் பார்த்தார். மற்றவர்கள் சேராததால் நிறுத்திக்கொண்டார். செருப்பு அறுந்த ஆள் தன் காலையே பார்த்தார்.

கம்பிக்காரம்மா கேட்டார். "என் தங்கச்சி பொண்ணு வேலைக்கு வந்த முதல் நாள், பயந்து நின்னவளை நான்தான் கையப் புடிச்சு அதுக்குக் கீழ கூட்டிட்டுப் போனேன். மேல நம்ம அய்யா இருக்காரு, வாடின்னு சொன்னேன். அன்னைக்கு நீங்க நிறுத்தினீங்களா, மயங்கினீங்களா?"

"எனக்குத் தெரியலம்மா."

அந்த அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். போய்த் தன் இடத்தில் உட்கார்ந்து, முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார்.

விஷயம் சூப்பர்வைசர் அறைக்குப் போக அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அவர் கேட்டதற்கெல்லாம் இவர் மறைக்காமல் சொன்னார். கொடிக்காரரைப் பற்றிக் கேட்டபோது, "மேல இருந்து எனக்கு எல்லாம் தெரிஞ்சது சார். அவரைவிட நான்தான் முதல்ல சொல்லியிருக்கணும்" என்றார். சூப்பர்வைசர் அடையாள அட்டையை வாங்கி மேசை இழுப்பறையில் போட்டார். "வேற எங்கயாவது தரையில வேலை பாருங்க" என்றார். குரலில் கோபத்தைவிட அசதிதான் இருந்தது.

வெளியே வந்தபோது வேலை மறுபடி தொடங்கியிருந்தது. வாசலுக்குப் போகிற வழியில், லோடு இறங்கும் இடத்துக் கயிறு இறுக்கமாக இழுத்துக் கட்டப்பட்டிருந்தது. அதை ஒட்டி ஒரு பதினைந்து பேர், தோளில் பலகையும் கையில் வாளியுமாக நின்றுகொண்டிருந்தார்கள். மேலே கான்கிரீட் கலவை தூக்கும் பெரிய இரும்பு பக்கெட் ஒன்று அந்தரத்தில் நின்றது. யாரும் கயிற்றைத் தூக்கவில்லை. "இப்படி நின்னா வேலை நடந்த மாதிரிதான்" என்று ஒருவர் முனகினார். இன்னொருவர் வேலி ஓரமாகச் சுற்றிப் போகத் திரும்பினார்.

கொடிக்காரர் கயிற்றுக்கு அந்தப் பக்கம் சிவப்புக் கொடியை நீட்டிக்கொண்டு நின்றார். இவர் வந்து வரிசையின் ஓரத்தில் நின்றதைப் பார்த்தார். கொடியை இறக்கவில்லை. பக்கத்தில் நின்ற கம்பிக்காரம்மா அரை அடி நகர்ந்து இடம் விட்டார், பேசுவதற்காக அல்ல, தோள் இடிக்காமல் இருப்பதற்காக.

பக்கெட் மெல்ல இறங்கியது. தரையில் உட்காரும்வரை எல்லோரும் அண்ணாந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவரும் நின்றார்.